கார்டுக்காரரும் பதினான்கு கார்டுகளும்

கார்டுக்காரர் எட்டாம் வகுப்பில் இரண்டு வருஷம் இருந்தார். மூன்றாவது வருஷமும் இருந்திருப்பார், பள்ளிக்கூடம்தான் தாங்கவில்லை. அதன் பிறகு ரேடியோ ரிப்பேர் கடையில் ஈயம் உருக்கினார், டி.வி. கடைக்காக மொட்டை மாடி மொட்டை மாடியாக ஆன்டெனா கட்டினார், யாரும் சொல்லித் தராமலே கம்ப்யூட்டரைக் கழற்றினார், யாரும் சொல்லித் தராமலே திரும்ப மாட்டினார். மாட்டி முடித்த பிறகு மேஜையில் நாலைந்து ஸ்க்ரூ மிஞ்சிக் கிடக்குமே, அதைப் பற்றிக் கேட்டால், "கம்பெனிக்காரன் தேவைக்கு மேல போட்டிருந்தான், குறைச்சேன்" என்பார். அந்தக் கம்ப்யூட்டர் ஓடத்தான் செய்தது. அதற்கு மேல் ஒரு சான்றிதழ் வேண்டுமென்றால் வேறு கடையைப் பார்க்க வேண்டியதுதான்.

அவருடைய கடை, மாடிப்படிக்குக் கீழே முக்கோணமாக ஒரு பொந்து. அதற்குள் நிமிர்ந்து நிற்க ஒரே ஓர் இடம்தான் உண்டு. அந்த இடத்தில் அவர் நிற்பார். "என் கடைக்குள்ள யாரா இருந்தாலும் தலை குனிஞ்சுதான் வரணும்" என்று சொல்லிக்கொள்வார். பட்டம் வாங்கியவர்களும் குனிந்துதான் வந்தார்கள். ஓர் ஆபீசில் பத்துக் கம்ப்யூட்டர் இருந்தாலும் பத்தும் பேசாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்த காலம் அது. ஒன்றோடு ஒன்று பேச வேண்டுமானால் உள்ளே ஒரு பச்சை அட்டையைச் செருகி, அதன் பின்பக்கத்தில் கம்பி இழுக்க வேண்டும். நெட்வொர்க் கார்டு என்று பெயர். அதைச் செருகிப் பேச வைத்த ஆள் அந்த வட்டாரத்திலேயே இவர் ஒருவர்தான். பெற்றவர்கள் வைத்த பெயர் அன்றோடு போயிற்று. கார்டுக்காரர் ஆனார்.

இன்னொரு விஷயம் சொல்லியாக வேண்டும். அந்தத் தெருவிலேயே முதலில் டெலிபோன் வந்த கடை அவருடையது. ஆறு இலக்கத்தில் ஒரு நம்பர். 274316. வந்த அன்றிலிருந்து அந்த நம்பர் ஏறாத இடம் கிடையாது. போர்டில் எழுதினார், குடைத் துணியில் எழுதினார், ஸ்டூலின் அடியில் எழுதினார், சாப்பாட்டு டப்பாவின் மூடியில் ஆணியால் கீறினார். பழுது பார்க்க வந்த ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் மார்க்கர் பேனாவால் எழுதி அனுப்பினார். பின்னால் எவன் திறந்தாலும் யார் கை பட்டது என்று தெரிய வேண்டாமா?

"என் நெத்தி ஒண்ணுதான் பாக்கி" என்பாள் மனைவி.

"நீ எங்க போனாலும் திரும்ப வந்துடுவ. உனக்கு எதுக்கு நம்பர்?" என்பார் இவர்.

இவருடைய தங்கை வட்டார நூலகத்தில் கம்ப்யூட்டர் அறையின் பொறுப்பாளர். உயரமான ஜன்னல்கள், மூன்று சுவர் ஓரமும் பதினான்கு பழைய கம்ப்யூட்டர்கள், நடுவில் ஒரு நீள மேஜை. வேலைக்கு விண்ணப்பம் போடுகிறவர்கள் வருவார்கள். பக்கத்துத் தெரு தையல்காரம்மா காலர் மாதிரிகள் பார்க்க வருவார். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் கதவு திறக்கும் முன்பே வந்து நிற்பார். உலகத்தில் உள்ள அத்தனை செய்தித்தாள்களிலும் மரண அறிவிப்புகளை மட்டும் படித்துவிட்டு, தான் இன்னும் இருக்கிற திருப்தியோடு வீட்டுக்குப் போவார்.

அந்த வருஷம் மழைக்காலத்தில் ஓர் இடி விழுந்தது. இணையக் கம்பி வழியாகவே உள்ளே புகுந்து, பதினான்கு கம்ப்யூட்டரிலும் கம்பி செருகும் இடத்தை மட்டும் சுட்டுவிட்டுப் போனது. மற்றதெல்லாம் நன்றாக இருந்தது. ஆள் நல்ல ஆரோக்கியம், காதும் வாயும் மட்டும் இல்லை என்கிற மாதிரி.

தலைமை அலுவலகத்திலிருந்து எஞ்சினியர் வந்தார். கழுத்தில் அடையாள அட்டை, தோளில் பை, பைக்குள் இன்னொரு பை. எதைக் கேட்டாலும் "சப்போர்ட் இல்லை" என்பார். வேறு கார்டு போடலாமா? இந்த மாடலுக்குச் சப்போர்ட் இல்லை. புதுக் கார்டு வாங்கலாமா? கொள்முதல் பட்டியலில் அந்தப் பொருள் இல்லை. பட்டியலில் சேர்க்க மூன்று கடை விலைப்புள்ளி வேண்டும். அதை விற்கிற கடை ஒன்றுகூட இல்லாததால் மூன்று கிடைக்காது. தபால்காரர் அன்றே அவருக்கு 'சப்போர்ட் இல்லை' என்று பெயர் வைத்துவிட்டார்.

பத்து நாளில் கடிதம் வந்தது. வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு மேலதிகாரி நேரில் வருவார். அன்று கம்ப்யூட்டர்கள் இணையத்தில் இல்லையென்றால் பழைய இரும்புக்குப் போகும். அறையில் உபரி நாற்காலிகள் வைக்கப்படும். பொறுப்பாளர் பதிவேட்டுக் கிடங்குக்கு மாற்றப்படுவார். கிடங்கு என்பது இரண்டு பஸ் மாறிப் போகிற ஒரு நிலத்தடி அறை. அங்கே மனுஷ வாசனை கிடையாது. முப்பது வருஷமாக யாரும் கேட்காத பதிவேடுகள். அவற்றை யாரும் கேட்கவில்லை என்று தினமும் எழுதி வைக்க ஒரு பதிவேடு.

தங்கை கடிதத்தோடு கடைக்குக் குனிந்து வந்தாள்.

"அண்ணே, நான் பேச்சு இல்லாத இடத்துல ஒரு நாள்கூட இருக்க மாட்டேன். உனக்கே தெரியும்."

"தெரியும். நீ தூக்கத்துல பேசியே என் பரீட்சை போச்சு."

"விளையாடாத. முடியுமா முடியாதா?"

கார்டுக்காரர் நிமிர்ந்து நிற்கும் இடத்துக்கு நகர்ந்து, நிமிர்ந்து நின்று சொன்னார்: "வெள்ளிக்கிழமை நாலு மணிக்குப் பதினாலும் ஓடும். போய் எல்லாருக்கும் சொல்லு."

அவள் எல்லாருக்கும் சொன்னாள். சொல்வதில் அவள் குறை வைக்கிற ஆள் இல்லை.

இவ்வளவு தைரியம் எங்கிருந்து வந்தது என்றால், பரண் மேலிருந்த பிஸ்கட் டின்னிலிருந்து வந்தது. ஒரு காலத்தில், கடையை மூடிக்கொண்டு போன ஓர் இறக்குமதிக் கம்பெனியிடம் ஒரு பெட்டி கார்டுகளை மொத்தமாக அள்ளி வந்திருந்தார். பிறகு ஏற்கெனவே கம்பி இழுத்த ஆபீசுகளில், கூடுதலாக வந்த மெஷினுக்கென்று, இடத்துக்கு ஒன்றாக மாட்டினார். காலம் மாறி அவர்கள் புது மெஷின் வாங்கியபோது, தூக்கிப் போட்ட பழைய பெட்டிகளிலிருந்து தன் கார்டுகளைக் கழற்றிக்கொண்டு வந்தார். தான் மாட்டியதைக் குப்பையில் பார்க்க அவரால் முடியாது. டின்னைத் திறந்து எண்ணிப் பார்த்தார். பதினாறு. இரண்டு செத்துப்போயிருந்தன. மீதி சரியாகப் பதினான்கு.

"பார்த்தியா, ஆண்டவனுக்கே என் ஸ்டாக் தெரிஞ்சிருக்கு" என்றார் மனைவியிடம்.

கார்டு இருந்தால் மட்டும் போதாது. கார்டுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் டிரைவர் என்று ஒரு தரகர் உண்டு. தரகர் இல்லாமல் இருவரும் பேசிக்கொள்ள மாட்டார்கள். நூலகக் கம்ப்யூட்டர்களை ஓட்டிய, காசு கொடுத்து வாங்குகிற சிஸ்டத்தில் இந்தக் கிழட்டுக் கார்டுக்குத் தரகர் கிடையாது. கார்டுக்காரர் அந்தச் சிஸ்டத்தையே தூக்கிவிட்டு லினக்ஸைப் போட்டார். அது ஊரே சேர்ந்து கட்டிய சிஸ்டம். உள்ளே இருப்பதையெல்லாம் திறந்து வைத்திருப்பார்கள், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், தொடலாம், காசு இல்லை. எங்கேயோ ஒரு புண்ணியவான் இருபது வருஷத்துக்கு முன்பு இந்தக் கார்டுக்கென்றே உட்கார்ந்து தரகர் எழுதி, சும்மா கொடுத்துவிட்டுப் போயிருந்தான். படித்தவர்களில் அப்படியும் சிலர் உண்டு என்பதைக் கார்டுக்காரர் மறுத்ததில்லை.

அவருக்கு ஆங்கிலம் எழுத்துக் கூட்டித்தான் வரும். ஆனால் திரையில் ஓடுகிற வரிகளில் தப்பு என்கிற வார்த்தை எங்கே வந்தாலும் தெரிந்துவிடும், கல்யாணக் கூட்டத்தில் பிடிக்காத சம்பந்தி முகம் தெரிகிற மாதிரி. முதல் நாள் கார்டு உயிர் பெற்று உயிர் பெற்றுச் செத்தது. எழுத்துக் கூட்டி எழுத்துக் கூட்டி மத்தியானத்துக்குள் விஷயத்தைப் பிடித்தார். லினக்ஸில் இந்தக் கார்டுக்கு ஒரு தரகர் இல்லை, இரண்டு தரகர்கள். ஒரே ஜாடையுள்ள இன்னொரு கார்டுக்காக வந்தவனும் "இது என் பார்ட்டி" என்று நடுவில் புகுந்து சண்டை போடுகிறான். அவன் பெயரை ஒரு கோப்பில் எழுதி, இனிமேல் உள்ளே விடக் கூடாது என்று கட்டளை போட்டார். அதோடு சரியாயிற்று.

பதினான்கு பெட்டிகளும் கடைக்கு வந்தன. கடையில் இருந்ததோ ஒரே ஓர் இணையக் கம்பி. ஒன்றில் செருகிப் பார்த்தார், ஓடியது. உருவி அடுத்ததில் செருகினார், ஓடியது. பதினான்கும் பழம் மாதிரி ஓடின. வியாழக்கிழமை மூன்று மணிக்குள் வேலை முடிந்து, நாலு மணிக்கு அவர் டீக்கடையில் நின்று எஞ்சினியரிங் கல்லூரிகளை எல்லாம் மூடிவிடலாம் என்று பேசிக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குப் பதினான்கும் நூலகத்தில் அடுக்கப்பட்டன. பதினான்கு கம்பிகளும் செருகப்பட்டன. தங்கை பொத்தானை அழுத்தி முதல் கம்ப்யூட்டரை ஏற்றினாள். தபால்காரர் உட்கார்ந்து ஒரு மரண அறிவிப்பைத் திறந்தார். ஓடியது. தையல்காரம்மா இரண்டாவதை ஏற்றினார். தபால்காரருடைய அறிவிப்பு பாதியில் நின்றது.

"யாரோ பாதி செத்துட்டு நிக்கறாங்க" என்றார் தபால்காரர்.

மூன்றாவதை ஏற்றினால் இரண்டாவது நின்றது. நாலாவதை ஏற்றினால் மூன்றும் நின்று, ஒன்று எழுந்து, உடனே படுத்தது. பதினான்கையும் ஏற்றியபோது, அறை முழுக்கச் சின்னச் சின்னதாக வட்டங்கள் சுற்றிக்கொண்டிருந்தன. ஒன்றிலும் ஒரு பக்கம் முழுசாக வரவில்லை. கார்டுக்காரர் கம்பியை மாற்றினார், கம்பிகளெல்லாம் சேரும் சுவிட்சுப் பெட்டியைத் தட்டினார், ஊதினார். சந்தேகத்துக்கு ஒவ்வொன்றாகத் தனியே செருகிப் பார்த்தார். தனியே ஓடியது. சேர்ந்தால் நின்றது.

"கூட்டுக் குடும்பத்துக்கு ஒத்துவராத கார்டு போலிருக்கு" என்றார் தையல்காரம்மா.

நாலு அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கையில் மேலதிகாரி வந்தார். பின்னால் எஞ்சினியர் 'சப்போர்ட் இல்லை' வந்தார். மேலதிகாரி நாற்காலியைத் துடைத்துவிட்டு உட்காராமல் நின்றார். உட்கார்ந்தால் டீ கொடுப்பார்கள், டீ கொடுத்தால் நேரமாகும். "எனக்கு அடுத்து ஒரு திறப்பு விழா. பதினைஞ்சு நிமிஷம்" என்றார்.

சப்போர்ட் இல்லை இரண்டு கம்ப்யூட்டரைப் பார்த்தார். மூன்றாவதைப் பார்க்கவில்லை, அறிக்கை ஏற்கெனவே பையில் தட்டச்சாகி இருந்தது. கார்டுக்காரரிடம் வந்து தோளில் கை வைத்தார்.

"உங்க மேல தப்பில்ல சார். கார்டு அவ்ளோ பழசு. லினக்ஸும் இதுக்கெல்லாம் ஒத்துவராது. நீங்க என்ன பண்ணுவீங்க? நான் அப்படியே எழுதிடறேன், உங்க பேருக்கு ஒரு குறையும் வராது."

ஓர் எஞ்சினியர் வாயிலிருந்து கார்டுக்காரருக்குச் சார் வந்தது வாழ்க்கையிலேயே அதுதான் முதல் முறை. தொண்டையில் தேன் மாதிரி இறங்கியது. எழுதட்டுமே என்றுகூட ஒரு நொடி தோன்றிவிட்டது. அப்போதுதான் தங்கையைப் பார்த்தார். இழுப்பறையைத் திறந்து தன் டம்ளர், கண்ணாடிக் கூடு, முதுகுக்கு வைத்துக்கொள்ளும் சின்னத் தலையணை, மூன்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டிருந்தாள். பிறந்ததிலிருந்து அவள் பேசாமல் இருந்து அவர் பார்த்ததில்லை.

"ஒரு நிமிஷம்" என்று முதல் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தார். கார்டைப் பற்றிய விவரமெல்லாம் காட்டு என்று ஒரு கட்டளை அடித்தார். வரிகள் வந்தன. நடுவில் ஒரு நீள எண். முன்னால் ஆறு பூஜ்யம். அதன் பின்னால் 274316.

அவர் முகம் மலர்ந்தது. எல்லாம் நினைவுக்கு வந்தது. அந்தக் கார்டுகள் எண் எழுதப்படாமலே பெட்டியில் வந்திருந்தன. கூடவே வந்த பிளாப்பியைப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் எழுத வேண்டும் என்று பெட்டியில் இருந்த தாள் சொன்னது. எதற்கு என்று அவர் கேட்கவில்லை. அவருக்கு எண் என்றால் ஒரே எண்தானே, அதையே எல்லாவற்றிலும் எழுதியிருந்தார்!

"தங்கச்சி, இங்க வா! நம்ம கடை நம்பர்! இருபத்தஞ்சு வருஷம் ஆச்சு, கார்டுக்குள்ள கல்வெட்டு மாதிரி இருக்கு பாரு!"

உற்சாகமாக இரண்டாவதுக்குப் போனார். அங்கேயும் 274316. "இங்கயும் இருக்கு!" என்றார். மூன்றாவதில் பார்த்தபோது, "இங்கயும்" என்று மட்டும் சொன்னார். நாலாவதில் பார்த்துவிட்டு, திரும்ப முதலாவதுக்கு வந்து எண்ணைச் சரிபார்த்தார்.

பின்னாலிருந்து எட்டிப் பார்த்த தபால்காரர் கேட்டார்: "இது என்ன நம்பர்? மெஷினோட விலாசமா?"

"ஆமா."

"பதினாலு வீட்டுக்கும் ஒரே கதவு நம்பரா? தபாலை எந்த வீட்டுல போடறது? நான் சர்வீஸ்ல இருந்தப்ப இப்படி ஒரு தெரு இருந்திருந்தா அன்னிக்கே ரிசைன் பண்ணியிருப்பேன்."

அறையில் மற்றவர்களுக்குப் புரியவில்லை. சப்போர்ட் இல்லைக்குப் புரிந்துவிட்டது, நெற்றி சுருங்கியது. இடத்துக்கு ஒன்றாக இருந்தவரை இந்த நம்பர் ஏன் மோதவில்லை என்பதும் கார்டுக்காரருக்குச் சேர்ந்தே புரிந்தது. வாயை மூடிக்கொண்டு ஒவ்வொன்றின் எண்ணையும் தானே தனியாக மாற்றலாம். ஒன்றுக்கு மூன்று நிமிஷம், பதினான்குக்கு முக்கால் மணி. மேலதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பத்து நிமிஷம் மிச்சம். பதினான்கு பேர் சேர்ந்து அடித்தால்தான் முடியும். சேர்ந்து அடிக்க வேண்டுமானால் எதற்கென்று சொல்லியாக வேண்டும்.

அவர் எழுந்து, அறை நடுவில் வந்து, தொண்டையைச் செருமினார்.

"லினக்ஸ் மேல தப்பில்ல. கார்டு மேலயும் தப்பில்ல. எல்லாக் கார்டுலயும் என் கடை ஃபோன் நம்பரை எழுதினது நான். விளம்பரத்துக்கு. தப்பு என்னுது."

"கார்டுக்குள்ளயா? அங்க யார் பார்ப்பாங்க?" என்றார் மேலதிகாரி.

"இப்ப எல்லாரும் பார்க்கறீங்களே."

தையல்காரம்மா சிரித்தார். தபால்காரர் சிரித்தார். விண்ணப்பம் போட வந்தவர்கள் விண்ணப்பத்தை மறந்து சிரித்தார்கள். கார்டுக்காரர் சிரிப்பு அடங்கக் காத்திருக்கவில்லை. சாக்பீஸை எடுத்து, சுவரிலிருந்த கரும்பலகையில் எண்ணை மாற்றும் கட்டளையை ஒரு வரியாக எழுதினார். ஆளுக்கு ஒரு கம்ப்யூட்டரில் உட்காரச் சொன்னார். "இதை அப்படியே அடிங்க. புள்ளி, இடைவெளி எதையும் விட்டுடாதீங்க. கடைசி ஆறு எண் மட்டும் அவங்கவங்க இஷ்டம். ஒருத்தர் போட்டதை இன்னொருத்தர் போடக் கூடாது."

"என்ன நம்பர் போடறது?"

"உங்களுக்கு மறக்காத நம்பர்."

தபால்காரர் தன் வீட்டு எண்ணையும் பிறந்த வருஷத்தையும் சேர்த்து அடித்தார். தையல்காரம்மா மகள் பிறந்த தேதியை அடித்தார். தங்கை பையைக் கீழே வைத்துவிட்டு, கட்டளையில் பாதி தூரம் போய், "அண்ணே, இந்தக் கோடு நெட்டுக்கா படுக்கையா?" என்று ஆரம்பித்தாள், குரல் திரும்பிவிட்டது. ஏழாவது கம்ப்யூட்டரில் ஆள் இல்லை. மேலதிகாரி அதைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், உட்கார்ந்தார். எதை அடித்தார் என்று யாருக்கும் காட்டவில்லை. முடித்ததும் மட்டும் கேட்டார்:

"இந்த நம்பர் இதுலயே இருக்குமா?"

"நிரந்தரமா இருக்கும் சார்" என்றார் கார்டுக்காரர். அடுத்த தடவை அணைத்தால் அழிந்துவிடும் என்பதுதான் அப்போதைய உண்மை. அன்று இரவு ஒன்றையும் அணைக்க விடாமல், சனிக்கிழமை காலையில் முதல் வேலையாக வந்து, ஏற்றும்போதெல்லாம் அந்தந்த எண் தானாகப் பதிகிற மாதிரி எழுதி, சொன்னதை உண்மையாக்கிவிட்டார். சொல்வது முதலில், செய்வது பிறகு. அவருடைய தொழில் முறை எப்போதும் அதுதான்.

நாலு மணி பத்து நிமிஷத்துக்குத் தபால்காரருடைய மரண அறிவிப்பு முழுசாகத் திறந்தது. "போய்ச் சேர்ந்துட்டார், நல்ல மனுஷன்" என்றார் நிம்மதியாக. அடுத்தது, அதற்கடுத்தது என்று வட்டங்கள் நின்று பக்கங்கள் வந்தன. பதின்மூன்றாவதில் மட்டும் ஒருவர் புள்ளியை விட்டிருந்தார். சப்போர்ட் இல்லை, தன்னை அறியாமல் குனிந்து, அதைச் சரி செய்துகொடுத்தார். குனிந்ததை யாரும் சொல்லிக்காட்டவில்லை. கார்டுக்காரர் பார்த்துக்கொண்டார், அவ்வளவுதான்.

சப்போர்ட் இல்லை பையிலிருந்து தட்டச்சான அறிக்கையை நீட்டினார். பழைய இரும்பு, உபரி நாற்காலி, கிடங்கு, எல்லாம் அதில் வரிசையாக இருந்தது. மேலதிகாரி பேனாவைத் திறந்துவிட்டு ஏழாவது கம்ப்யூட்டரைத் திரும்பிப் பார்த்தார்.

"இதெல்லாம் இரும்புக்குப் போகுதுன்னா... அந்த ஏழாவதும் போகுமா?"

"எல்லாமே போகும் சார்" என்றாள் தங்கை. "உங்க நம்பரோட."

மேலதிகாரி பேனாவை மூடினார். அறிக்கையை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிற்பாடு வந்த கடிதத்தில், தலைமை அலுவலகத்தின் தொழில்நுட்ப மேற்பார்வையில் பதினான்கு இயந்திரங்களும் திருப்திகரமாக இயங்குவதாகவும், ஏழாம் எண் இயந்திரம் தனிக் கவனத்துடன் பராமரிக்கப்பட வேண்டும் என்றும் இருந்தது. பொறுப்பாளர் பதவி தொடர்கிறது. கார்டுக்காரரின் பெயர் எங்கும் இல்லை. தங்கை கொதித்தாள், அவர் கொதிக்கவில்லை. டீக்கடையில் கதை வேறு மாதிரி ஓட ஆரம்பித்திருந்தது. பதினான்கு கார்டுக்கும் ஒரே நம்பரைக் கொடுத்து ஓர் இணையத்தையே நிறுத்த எவனால் முடியும், நிறுத்தியதைப் பத்து நிமிஷத்தில் ஒரு மேலதிகாரியைத் தட்டச்சு செய்ய வைத்து ஓட்ட எவனால் முடியும் என்று அவர் கேட்டார். அது நியாயமான கேள்விதான்.

சனிக்கிழமை அவர் வேலையை முடித்துவிட்டு வெளியே வருகையில் தங்கை கேட்டாள்: "உன் நம்பர் எல்லாத்துலயும் போயிடுச்சே, பரவாயில்லையா?"

"முதல் மெஷின்ல உட்கார்ந்தது நான்தானே, அதுல அப்படியேதான் இருக்கு. ஒண்ணு இருக்கலாம்ல? ஒரு தெருவுல ஒரு வீடு."

அன்று மத்தியானம் இதைக் கேட்ட மனைவி சோற்றுக் கரண்டியோடு நின்றாள். "அந்த ஃபோன் லைனை வெட்டிப் பன்னெண்டு வருஷம் ஆச்சு. கூப்பிட்டா யார் எடுப்பா?"

"இனி தினமும் ஒன்பதரைக்கு நூலகம் திறந்ததும், முதல் மெஷினை ஏத்தி என் தங்கச்சி எடுப்பா" என்றார் கார்டுக்காரர். "இன்னும் கொஞ்சம் சோறு போடு."